வண்டிக்குக் கீழே தரை காய்ந்திருந்தது

போன மாதம் என் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. புதிதாக ஓசோன் மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். வண்டிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டால் எந்த நாற்றமும் போய்விடுமாம். நான் வந்து ரிப்பன் வெட்டி, இப்போது வேலை செய்கிறவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். போனேன். ரிப்பனை வெட்டினேன். நாற்றம் என்பது வண்டி உங்களிடம் சொல்ல வருகிற புகார், புகார் சொல்கிற வாயைப் பொத்துகிற மெஷினுக்கா மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். யாரும் கைதட்டவில்லை. சமோசா மாதிரியான சிங்காடாவும் டீயும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை சேர்க்கிற நண்பரிடம் இதைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க சார், போட்டுடலாம். கோவத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். கோபத்தைக் குறைத்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நண்பர் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளட்டும்.

என் அப்பா பொன்மலையிலிருந்து மாற்றலாகி கொல்கத்தாப் பக்கம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கு வந்தவர். எனக்கும் ரயில்வேயில் கிடைக்கும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. பெஹாலாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதலில் கழுவுகிற வேலை, பிறகு பாடி, பிறகு ஏசி. கடைசியில் ஏசி பிரிவுக்கு ஃபோர்மேன். வேலை கற்றுக்கொண்ட கதையெல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

கொல்கத்தா ஈரமான ஊர். மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். கார் மட்டும் தப்புமா? வருகிற வண்டிகளில் பாதிக்கு அந்த ஈர வாடைதான் புகார். அதைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் கண்டுபிடித்தது இல்லை, செய்து செய்து படிந்தது.

வண்டி ராத்திரி முழுக்கக் கதவு மூடி நின்றிருக்க வேண்டும். காலையில் டீ குடிக்காமல், பான் போடாமல் அதனிடம் போக வேண்டும். கதவைத் திறந்ததும் இழுக்கிற முதல் மூச்சுதான் உண்மை. மூன்றாவது மூச்சில் மூக்கு பழகிவிடும், பொய் சொல்ல ஆரம்பிக்கும். எதையும் ஓட விடாமலே நாற்றம் அடித்தால் தரையிலோ சீட்டிலோ தண்ணீர் நிற்கிறது. காற்றாடியை மட்டும் போட்டதும் அடித்தால், காற்று வருகிற வழியில் குப்பை இருக்கிறது. ஏசி போட்ட முதல் நிமிஷம் புளித்த வாடை வந்து பிறகு அடங்கினால், உள்ளே குளிர்கிற காயிலில் பூஞ்சை. தரை என்று சந்தேகம் வந்தால் பாய்க்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்து, எந்தத் தாள் முதலில் நனைகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நாள் பிடிக்கும், சில வண்டிக்கு இரண்டு நாள். அவ்வளவுதான் வித்தை. பொறுமை இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்தப் பொறுமைதான் எங்கள் சர்வீஸ் மேனேஜர் சான்யால் பாபுவிடம் இல்லை. பார்த்தால் அப்படித் தெரியாது. மடிப்புக் கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்தவே மாட்டார். யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. கஸ்டமர் முன்னால் நாற்றம் என்ற சொல்லையே யாரும் சொல்லக்கூடாது, 'ஃப்ரெஷ்னஸ் பிராப்ளம்' என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கழுவிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கஸ்டமர் உட்கார்ந்திருப்பார், அழுக்கு வண்டி அவர் கண்ணில் படக்கூடாது. கழுவிய பிறகு ரோஜா ஸ்ப்ரே. நான் போய், சார், காரணம் இன்னும் தெரியவில்லை என்பேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடி மாட்டிக்கொள்வார். "நீங்க சொல்றது சரி மூர்த்தி. ஆனா வண்டி சாயங்காலம் போகணும்" என்பார். திட்டுகிற மேனேஜராக இருந்தால் திருப்பித் திட்டலாம். சரி சரி என்றே கழுத்தை அறுக்கிறவரை என்ன செய்வது?

கரியாஹாட்டில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் கார் இப்படித்தான் ரோஜா மணத்தோடு போய், சாக்கடை மணத்தோடு திரும்பித் திரும்பி வந்தது. அவர் தன் மைத்துனர்மேல் பழி போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை காரை வாங்கிக்கொண்டு போய் இலீஷ் மீன் ஏற்றி வருகிறான் என்று சண்டையே நடந்திருக்கிறது. கடைசியில் சான்யால் பாபு லீவில் இருந்த நாளில் நான் அதைப் பிரித்தேன். வைப்பருக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையில் குல்மொஹர் பூ அடைத்து மக்கிப்போயிருந்தது. வடிய வேண்டிய தண்ணீர் காற்றாடி வழியாகக் காருக்குள் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மரத்தடியில் நிறுத்துகிறவர். மைத்துனரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். "அவன் மீனும் ஏத்தினான்" என்றார்.

இது சிரிக்கிற கதை. இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நாங்கள் குடியிருப்பது பெஹாலாவில் ஒரு குறுகலான தெரு. தெருமுனையில் ஒரு கிளப். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: கிளப் என்றால் கேரம் போர்டு, கால்பந்து, ரத்ததானம், துர்கா பூஜை எல்லாம் சேர்ந்தது. எங்கள் கிளப்புக்கு ஓர் ஆம்புலன்ஸும் உண்டு. கிளப்பை ஒட்டிய காலி இடத்தில் நிற்கும். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதில்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் செத்துப்போனால் உடம்பும் அதில்தான் வீட்டுக்கு வரும். ஓட்டுகிறவன் பெயர் கோகன்.

கிளப் செக்ரட்டரி தபன்-தா. தா என்றால் இங்கே அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. அவர் மனைவி ரீனா பௌதி. பௌதி என்றால் அண்ணி, தெருவுக்கே அண்ணி. மகன் வெளிநாட்டில். பௌதிக்கு நுரையீரலில் கோளாறு. முதலில் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு வாரா வாரம். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். போக ஒரு மணிக்கு மேல், வர ஒரு மணிக்கு மேல், வெயிலுக்கும் புகைக்கும் பயந்து கதவை இறுக்கி மூடி, ஏசி போட்டு, ஆம்புலன்ஸ் படுக்கையில் சாய்த்துக் கூட்டிப்போவார்கள். துணைக்கு என் மனைவி கமலா.

ஒரு நாள் டாக்டர் தபன்-தாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: இவர் சுவாசிக்கிற காற்றில் ஏதோ இருக்கிறது. வீட்டில் ஈரம், பூஞ்சை, பறவை, பழைய பஞ்சு ஏதாவது உண்டா பாருங்கள். கண்டுபிடித்து அகற்றாவிட்டால் மருந்தால் பயனில்லை.

அந்த மனுஷன் வீட்டையே உரித்துப் போட்டார். பௌதி வளர்த்த கிளிகளைக் கூண்டோடு கொடுத்துவிட்டார். மெத்தை, தலையணை, குளிர்கால ரஜாய் எல்லாம் தெருவுக்கு வந்தன. குளியலறைச் சுவரைச் செங்கல் தெரியும் வரை கொத்திப் புதிதாகப் பூசினார். மொட்டை மாடியில் பௌதி வைத்திருந்த தொட்டிச் செடிகள் போயின. என்னையும் கூப்பிட்டார். நான் போய் ஓர் அறை விடாமல் மூக்கை வைத்துப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது, பரண் காய்ந்திருந்தது. அந்தத் தெருவிலேயே ஈரம் இல்லாத வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும். பௌதிக்கு மூச்சு மேலும் குறைந்தது. ஆஸ்பத்திரி போய்வந்த அன்று சாயங்காலம் ரொம்ப மோசமாக இருக்கும். அலைச்சல் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கமலாதான் முதலில் சொன்னாள். "ஏங்க, ஊர் வண்டியெல்லாம் மோந்து பாக்கறீங்க. நம்ம கிளப்பு வண்டில ஒரு தடவ ஏறிப் பாருங்க. கதவத் தொறந்தா ஈரச் சாக்கு மாதிரி அடிக்குது. எனக்கே தொண்ட கமறுது."

"அது எங்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான வருது?" என்றேன்.

"வருது, வருது. வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்கு ரோஜாப்பூ. மூணாம் நாள்லேர்ந்து ரோஜாப்பூவும் சாக்கும்."

 விசாரித்தால், கிளப் ஆம்புலன்ஸ் பல தடவை புகாரோடு வந்திருக்கிறது. என் பிரிவுக்கு ஒரு தடவைகூட அனுப்பவில்லை. கழுவி, ஸ்ப்ரே அடித்து, வாசலோடு திருப்பியிருக்கிறார்கள்.

சான்யால் பாபுவிடம் போனேன். அந்த வண்டி எனக்கு வேண்டும், கழுவாமல் வேண்டும், இரண்டு நாளைக்கு வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். "ஆம்புலன்ஸ் ரெண்டு நாள் நின்னா பேஷண்ட்டுங்க என்ன பண்ணுவாங்க மூர்த்தி?"

"இப்ப ஏர்றவங்க என்ன ஆகறாங்கன்னு பாக்கத்தான் கேக்கறேன்" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி என்றார். இந்தத் தடவை 'ஆனால்' வரவில்லை.

ஆனி மாதம். மழை பிடித்துவிட்டது. மழை விட்டிருந்த ஒரு காலையில் கோகன் வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் நிறுத்தினான். பின் கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். கழுவுகிற ஆட்கள் பழக்க தோஷத்தில் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டிக்கு முன்னால் நின்று விரட்டினேன்.

கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்தேன். கமலா சொன்ன ஈரச் சாக்கு இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்று, மக்கிய மரம். காற்றாடி ஓடவில்லை, ஏசி ஓடவில்லை, ஆனாலும் முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. அப்படியானால் தரை. ஆனால் தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பு துடைத்துவிட்ட மாதிரி காய்ந்திருந்தது. செய்தித்தாளைப் போட்டுப் பார்த்தேன், நனையவில்லை. சரி என்று கதவை மூடி ஏசியைப் போட்டு, துணைக்கு வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில், கமலா உட்காருகிற இடத்தில், உட்கார்ந்தேன். குளிர் நன்றாக வந்தது. கொஞ்ச நேரத்தில் என் தொண்டையும் கமற ஆரம்பித்தது.

இறங்கினேன். இறங்கியதும் வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பது என் பழக்கம். அன்றும் குனிந்தேன். முன்பக்கம் ஏசித் தண்ணீர் சொட்டிக் குட்டையாக நின்றது. பின்பக்கம், வண்டிக்குக் கீழே தரை காய்ந்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏசி ஓடினால் காற்றில் இருக்கிற ஈரம் காயிலில் தண்ணீராகப் படியும். அது ஒரு தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். ஆம்புலன்ஸில் நோயாளிக்கென்று பின்னால் கூரையில் தனி ஏசி உண்டு. அதன் தண்ணீர் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் குழாயாக இறங்கி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே வெளிவரும். கொல்கத்தாவில் ஆனி மாதத்தில், சுவரே வியர்க்கிற நாளில், அவ்வளவு நேரம் ஏசி ஓடியும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அப்படியென்றால் அத்தனையும் உள்ளே போகிறது. இத்தனை தடவை வந்த வண்டியில் இதை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? வந்ததும் கழுவிவிடுகிறோமே. கழுவிய வண்டிக்குக் கீழே எப்போதும் ஈரம்தான். எது சொட்டியது, எது சொட்டவில்லை என்று யாருக்குத் தெரியும்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே புகுந்தேன். சேறு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தேன். குழாயின் வாயில் புட்டி. பெயிண்டர்கள் ஓட்டை அடைக்கப் பூசுகிற மாவு. விரலால் வழித்து, ஓரம் மழுங்க, அழகாகப் பூசியிருந்தது. ஒரு குழாயில் அல்ல, இரண்டிலும்.

படுத்தபடியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சர்வீஸில் வண்டிகள் கெட்டுப்போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து, நோயாளி ஏறுகிற வண்டியில், நிதானமாக இப்படிச் செய்வான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புட்டியைச் சுரண்டினேன். உள்ளே துணி. நோஸ் பிளையரால் பிடித்து இழுத்தேன். திரி மாதிரி முறுக்கிய சிவப்புத் துணி, முழ நீளம் வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் என் முகத்தில் கொட்டியது. டீ நிறம். நிற்கவே இல்லை. கியர் ஆயில் வாய்க்குள் போய்த் துப்பிவிட்டு வேலை செய்தவன் நான். அன்று வெளியே ஊர்ந்து வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

பிறகு உள்ளே பிரித்தோம். படுக்கையைக் கழற்றி, ஓரத்து அலுமினியப் பட்டையை எடுத்து, ரப்பர் விரிப்பைத் தூக்கினால், அடியில் பிளைவுட் கறுப்பாக இருந்தது. அதன்மேல் வெள்ளையும் பச்சையுமாக மயிர் முளைத்த மாதிரி பூஞ்சை. விரலால் அழுத்தினேன், ஊறிய அவல் மாதிரி உள்ளே போனது. பக்கச் சுவருக்குள் சூடு தாங்க வைத்திருக்கிற பஞ்சும் மேலே வரை கறுத்திருந்தது. நிரம்பிய தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, விரிப்புக்கு அடியில் தேங்கியிருக்கிறது. அந்தப் பஞ்சை ஒட்டித்தான் ஏசி காற்றை இழுக்கிற ஜன்னல். அங்கே இழுத்து, நேராகப் படுக்கையின் தலைமாட்டில் ஊதும்.

கோகனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நான் இல்ல மூர்த்தி-தா. நான் ஸ்டீயரிங் பிடிக்கிறவன். அங்க ஒரு பைப்பு இருக்கறதே எனக்குத் தெரியாது" என்று அலறினான். பிறகு என் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தான். அலறல் நின்றுவிட்டது. "கிளப்புல கேளுங்க" என்றான். 

சான்யால் பாபு வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.  என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். "இத யாரும் ஃபோட்டோ எடுக்க வேணாம்" என்றார். அவர் முன்னாலேயே போனை எடுத்துப் படம் பிடித்தேன். என்னைத் தடுக்கவில்லை, போய்விட்டார்.

சாயங்காலம் நேராகக் கிளப்புக்குப் போனேன். கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தபன்-தா இன்னும் இரண்டு பேரோடு பந்தலுக்கு மூங்கில் எவ்வளவு வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். ரத யாத்திரை வரப்போகிறது. அன்றுதான் துர்கா பூஜைக்குப் பந்தக்கால் நடுவார்கள். நான் சிவப்புத் துணியைக் கேரம் போர்டின் நடுவில் போட்டேன்.

"இத ஆம்புலன்ஸ் பைப்புல சொருகினது யாரு?"

 யாருடைய பெயராவது வரும், அவனை அடித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் போயிருந்தேன். தபன்-தா சாதாரணமாகத் திரும்பினார். "நான்தான். ஏன், என்னாச்சு?"

எனக்குக் காதில் விழுந்தது மூளைக்குப் போகவில்லை. அவரே சொன்னார். போன வருஷம் பந்தக்கால் நட்ட அன்று காலையில்தான் ஓர் உடம்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றிருக்கிறது. ஏசி ஓடிய தண்ணீர் அடியிலிருந்து சொட்டி, சரிவில் ஓடி, ஆல்பனாமேல், அதாவது அரிசி மாவுக் கோலத்தின்மேல் பாய்ந்து, பந்தக்கால் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிணம் கிடந்த வண்டியின் தண்ணீர். புரோகிதர் பூஜையிலிருந்தே கையை எடுத்துவிட்டாராம். பெண்கள் அழுதார்களாம். வண்டியை வேறு எங்கேயும் நிறுத்த இடம் கிடையாது.

"என் கடைலயே புட்டி இருந்துச்சு. மறுநாள் நானே படுத்து அடச்சேன். ஏசி நல்லாத்தான ஓடுது?" என்றார்.

"அது பொணத்துத் தண்ணி இல்ல தபன்-தா. காத்துல இருக்கற தண்ணி. வெளிய போறத நீங்க உள்ள விட்டுட்டீங்க. ஒரு வருஷமா பௌதி தல வச்சுப் படுக்கற எடத்துக்கு அடில ஊறிக் கெடக்கு. வீட்டுச் சுவத்தெல்லாம் பேத்தீங்களே, பூஞ்ச எங்கன்னு? இங்க இருக்கு, பாருங்க." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

பார்த்தார். போனைக் கையில் வாங்கி மறுபடி பார்த்தார்.  கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் சத்தம் போட்டதில் தெருவில் போனவர்களும் நின்றார்கள். போட்டேன்தான். மெதுவாகச் சொல்கிற விஷயமா அது?

வாசல் வரை என் பின்னாலேயே வந்தார். "டாக்டர்கிட்ட சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ரீனாகிட்ட மட்டும் வேணாம்."

"உங்க மானத்தக் காப்பாத்தறது என் வேல இல்ல" என்றேன். 

மறுநாள் காலை நானும் கமலாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பௌதி ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தபன்-தா கதவுக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பௌதியின் காதுக்கு ஏதோ போயிருக்கிறது. அவரே கேட்டார். "மூர்த்தி-தா, வண்டில என்ன கெடச்சுது?"

சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இரண்டு குழாய், புட்டி, அதற்குள் துணி.

"என்ன துணி?"

"சிவப்பு. பூஜ சாமானுக்கு மேல போத்தறது."

  பௌதி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அது நான் கிழிச்சுக் குடுத்தது. அந்த ஆல்பனா நான் போட்டது. விடியக்காலைலேர்ந்து உக்காந்து போட்டேன். எல்லாத்தையும்விட அதிகமா சத்தம் போட்டவ நான்தான். அடைக்கச் சொன்னவளும் நான்தான். முந்தின வருஷம் கலசத்துக்குப் போத்தின துணி. அம்மன் துணில அடச்சா தீட்டு வெளிய வராதுன்னு குடுத்தேன். இவர் சொன்னார், பைப்பு வச்சிருக்கான்னா எதுக்காவதுதான் வச்சிருப்பான், மூர்த்திகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. இதுக்குப் போய் என்ன கேக்கறதுன்னேன்."

"அடச்சது நான்" என்றார் தபன்-தா கதவருகிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க" என்றார் பௌதி.

 இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். தினமும் காலையில் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கமலாதான் பௌதியின் கையைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை இருந்தாள்.

டாக்டரிடம் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். இதுதான் முழுக் காரணமா என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் முழுக்கப் பெயர்த்துச் சரிசெய்யும் வரை இதில் ஒரு நாளும் ஏற்றாதீர்கள் என்றார். நுரையீரலில் தழும்பு ஆகிவிட்டது ஆகிவிட்டதுதான், அது திரும்பாது, மேலே பரவாமல் நிற்கலாம் என்றார். வண்டியின் பின் தரை முழுவதையும், சுவர்ப் பஞ்சையும் பெயர்த்து எடுத்து எரித்தோம். புதுத் தரை போட்டு, காயில் மாற்றி, குழாய் மாற்றி, வெயில் வந்த நாளெல்லாம் கதவைத் திறந்து காயப்போட்டேன். அதுவரை பௌதி டாக்சியில் போனார். டெலிவரி அன்று சான்யால் பாபு ரோஜா ஸ்ப்ரே டப்பாவோடு வந்தார். அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

இதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ரத யாத்திரைக்கு முந்தின நாள் காலை கிளப்பில் கூடினார்கள். வண்டி திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கிறது. தண்ணீரை என்ன செய்வது? பக்கெட் வைக்கலாம் என்றார் ஒருவர். வழிந்துவிடும் என்றார் இன்னொருவர். அப்போது வயதான ஒருவர், படித்தவர், பார்த்தால் மரியாதை வருகிறவர், எழுந்து சொன்னார்: "பூஜ நேரத்துக்கு மட்டும் அடச்சுட்டு, அப்பறம் எடுத்துடலாம். ஒரு நாள்தான?" நாலைந்து தலைகள் சரி என்று ஆடின. அந்தக் கறுப்புப் பலகையைப் போனில் பார்த்த தலைகள்.

நான் எழுந்தேன். என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது, நல்லதாக இருந்திருக்காது. அதற்குள் கமலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பௌதி உள்ளே வந்தார். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தபன்-தா தூக்கிக்கொண்டு வந்தார். அன்று ஆஸ்பத்திரி நாள், வண்டி ஏற வந்தவர். வாசலில் நின்றபோதே எல்லாம் கேட்டிருக்கிறது. நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

"இந்த வண்டி என்னைய ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவரும்" என்றார். மூச்சு வாங்கினார். "அன்னைக்கு நான் பேஷண்ட்டா வர மாட்டேன். அப்ப அடில சொட்டற தண்ணி என் தண்ணின்னுதான சொல்வீங்க. அதையும் அடைப்பீங்களா?"

 அந்தப் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பந்தக்காலை மேட்டுப் பக்கம் தள்ளி நட்டுக்கொள்ளலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். பௌதி அதைக் கேட்க நிற்கவில்லை. வெளியே போய், தபன்-தா கை கொடுக்க, வண்டியில் ஏறினார்.

கோகன் வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டான். கிளம்பு என்று நான் சொல்லும் வரை நகரக் கூடாது என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் முட்டி போட்டுக் கீழே குனிந்தேன். முதலில் இடது குழாய் சொட்டியது. வலது சொட்டவில்லை. காத்திருந்தேன். பிறகு அதுவும் சொட்டியது. போகச் சொன்னேன்.